ஒரே கார்டு, ஒரே கேம்... 8 ஃபிரேம் 43 ஆன கதை தெரியுமா?

2015 பிப்ரவரி. ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் ஆர்9 290எக்ஸ் என்ற கிராபிக்ஸ் கார்டு அப்போது கேமர்கள் கனவு கண்ட சாமான்களில் ஒன்று. அதை மாட்டிய கம்ப்யூட்டரில் 'ஸ்டார் ஸ்வார்ம்' என்ற விண்வெளிப் போர் டெமோவை ஓட்டிப் பார்த்தது ஆனந்த்டெக் இணையதளம். திரை முழுக்க ஆயிரக்கணக்கான விண்கலங்கள், ஒன்றையொன்று துரத்திச் சுடுகின்றன. நொடிக்கு எத்தனை ஃபிரேம் வந்தது தெரியுமா? எட்டு! விளையாட்டா அது, ஸ்லைடு ஷோ.

பிறகு கார்டை மாற்றவில்லை. பிராசசரை மாற்றவில்லை. ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. அதே டெமோவை டைரக்ட்எக்ஸ் 11இல் ஓட்டுவதை விட்டுவிட்டு, இன்னும் கடைக்கே வராத டைரக்ட்எக்ஸ் 12இல் ஓட்டினார்கள். நொடிக்கு சுமார் 43 ஃபிரேம்! ஐந்து மடங்கு! போட்டி நிறுவனமான என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 980 கார்டும் சளைக்கவில்லை. 27க்குப் பக்கத்தில் திணறிக்கொண்டிருந்தது 67க்குப் பக்கத்தில் போய் நின்றது.

காசு செலவில்லாமல் இத்தனை வேகம் எங்கிருந்து வந்தது? இது எல்லா கேமிலும் நடக்குமா? நடக்கும் என்று நம்பி செட்டிங்ஸில் டைரக்ட்எக்ஸ் 12ஐத் தட்டிவிட்டு, இருந்த ஃபிரேமும் போய்த் தலையில் கை வைத்தவர்கள் எத்தனை பேர்! அதற்கும் காரணம் இருக்கிறது. எல்லாமே ஆச்சரியம்தான், வாருங்கள்.

கேம் கார்டிடம் நேரடியாகப் பேசுவதே இல்லை, தெரியுமா?

"இந்த மரத்தை வரை", "அந்த வீரனை வரை", "அவன் கையிலிருக்கும் துப்பாக்கியை வரை" என்று பொருளுக்குப் பொருள் உத்தரவு போகிறது. இதற்கு டிரா கால் என்று பெயர். உத்தரவைப் போடுவது பிராசசர், வரைவது கிராபிக்ஸ் கார்டு. நடுவில் ஏபிஐ என்கிற இடைமுகமும், கார்டு கம்பெனி எழுதித் தரும் டிரைவரும் நிற்கின்றன. டைரக்ட்எக்ஸ், வல்கன், ஓபன்ஜிஎல், மெட்டல் எல்லாமே இந்த இடைமுகத்தின் வகைகள்தான்.

நேரக் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி வைத்திருக்கிறீர்களா? உங்களுக்கு 7 மில்லிசெகண்டுகூடக் கிடையாது! அதற்குள் எதிரி என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க வேண்டும், வெடித்த சுவரின் கற்கள் எங்கே விழும் என்று கணக்குப் போட வேண்டும், கேமராவுக்குத் தெரியாத பொருட்களைக் கழிக்க வேண்டும், மிச்சம் இருப்பதற்கெல்லாம் டிரா கால் போட வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு டிரா காலையும் டிரைவர் நிறுத்தி விசாரிக்கும். உத்தரவு சரியா? கேட்ட படம் கார்டின் நினைவகத்தில் இருக்கிறதா? இதற்கு முன்னால் போன உத்தரவு இதே இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறதா? இத்தனை விசாரணையும் பெரும்பாலும் பிராசசரின் ஒரே கோரில் நடக்கும்!

ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். எடை போட ஆள் தயார், குடோன் நிறைய மூட்டை, ஆனால் பில் போடும் மெஷின் ஒன்றே ஒன்று. தெருமுனை வரை கூட்டம் நிற்கும்போதே எடை போடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எட்டு கோர் பிராசசரும் விலை உயர்ந்த கார்டும் இருந்தும் டைரக்ட்எக்ஸ் 11இல் கேம் திணறியது இப்படித்தான். ஸ்டார் ஸ்வார்மில் அந்த ரேடியான் கார்டு வேலை இல்லாமல் சும்மா காத்திருந்தது!

புதிய தலைமுறை இடைமுகங்கள் செய்தது இரண்டு காரியம். எல்லா கோர்களும் ஒரே நேரத்தில் உத்தரவுப் பட்டியல் தயாரிக்கலாம் என்று வழி திறந்துவிட்டன. விசாரணையையும் பெருமளவு நீக்கிவிட்டன. "எந்தப் படம் எங்கே இருக்கிறது, எது முடிந்தபின் எது நடக்க வேண்டும் என்பதையெல்லாம் கேம் எழுதுகிறவரே பார்த்துக்கொள்ளட்டும்" என்று டிரைவர் ஒதுங்கிக்கொண்டது. இந்த இரண்டாவது காரியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற எல்லா வம்புக்கும் அதுதான் வேர்.

ஒரு சிங்கக்குட்டி அழ வைத்த கிறிஸ்துமஸ் தெரியுமா?

டைரக்ட்எக்ஸ் பிறந்த கதை சினிமாவை மிஞ்சும். 1994ஆம் ஆண்டு டிஸ்னி 'லயன் கிங்' கதையை சிடி-ராமில் வெளியிட்டது. விண்டோஸில் வேகமாகப் படம் காட்ட மைக்ரோசாஃப்ட் கொடுத்த 'வின்ஜி' என்ற கருவியை நம்பி எழுதப்பட்டது அது. அந்த வருடம் காம்பாக் நிறுவனத்தின் புதிய பிரசாரியோ கம்ப்யூட்டர்கள் அமெரிக்காவில் அமோகமாக விற்றன. அவற்றில் இருந்த வீடியோ டிரைவரை வின்ஜியோடு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று காலை பரிசைப் பிரித்து சிடியைப் போட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? சிங்கம் இல்லை, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது!

கேம் எழுதுகிறவர்கள் "விண்டோஸே வேண்டாம், டாஸே போதும்" என்று ஒதுங்கி நின்ற காலம் அது. அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ராம் என்ற மூன்று மைக்ரோசாஃப்ட் ஆட்கள் சேர்ந்து 1995இல் டைரக்ட்எக்ஸைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் திட்டத்துக்கு வைத்த செல்லப்பெயர் 'மன்ஹாட்டன் ப்ராஜெக்ட்'. அணுகுண்டு தயாரித்த திட்டத்தின் பெயர்! ஜப்பானிய கன்சோல்களை ஒழித்துக்கட்டுவதுதான் லட்சியமாம். பின்னாளில் அதே மைக்ரோசாஃப்ட் சொந்தமாக ஒரு கன்சோல் செய்தபோது அதற்கு 'டைரக்ட்எக்ஸ் பாக்ஸ்' என்று உள்ளுக்குள் பெயர் வைத்து, அதுவே சுருங்கி எக்ஸ்பாக்ஸ் ஆனது.

இன்னொன்று! விண்டோஸில் கேம் ஓடும் என்று உலகத்துக்குக் காட்ட, டூம் கேமின் காட்சிக்குள் கையில் துப்பாக்கியோடு, நீளக் கோட்டோடு தோன்றி விளம்பரம் பேசினார் ஒருவர். யார் தெரியுமா? சாட்சாத் பில் கேட்ஸ்! டூமை விண்டோஸுக்குக் கொண்டுவந்த அணியை நடத்தியவர் கேப் நியூவெல் என்ற மைக்ரோசாஃப்ட் ஊழியர். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், மறுபடி வருவார்.

அந்த டூமை எழுதிய ஜான் கார்மாக் என்ன செய்தார்? 1996 கடைசியில் "டைரக்ட்3டி வேண்டாம், ஓபன்ஜிஎல்தான்" என்று பகிரங்கமாகவே எழுதிவிட்டார். டைரக்ட்3டி என்பது டைரக்ட்எக்ஸின் முப்பரிமாணப் பகுதி. நடுவில் 3டிஎஃப்எக்ஸ் என்ற நிறுவனம் தன் வூடூ கார்டில் மட்டுமே ஓடும் 'கிளைடு' என்ற தனி இடைமுகத்தை வைத்து ராஜாவாக இருந்தது. 2000 டிசம்பரில் அதன் சொத்துகள் என்விடியாவுக்கு விற்பனை! இடைமுகச் சண்டை ஒரு கம்பெனியை ஏற்றும், இறக்கும். இன்று நேற்றுக் கதை இல்லை இது.

14, 25, 58: இந்த மூன்று எண்களில் ரகசியமே இருக்கிறது!

2009இல் விண்டோஸ் 7 உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 11 ஆறு வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிராசசர்களில் கோர்கள் பெருகிக்கொண்டே போயின, பில் மெஷின் மட்டும் ஒன்றுதான்! ஆனால் கன்சோல்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லோர் வீட்டிலும் ஒரே சிப், ஆகவே கேம் எழுதுகிறவர் கிட்டத்தட்ட நேரடியாகவே கார்டிடம் பேசலாம். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் இருந்தது ஏஎம்டி சிப். "கன்சோலில் கொடுப்பதை பிசியிலும் கொடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் ஸ்வீடனின் டைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த யோஹான் ஆண்டர்சன். அந்த வருடம் செப்டம்பரில் ஏஎம்டி அறிவித்தது 'மேன்டில்'. மைக்ரோசாஃப்டைக் கேட்காமல், ஒரு கார்டு கம்பெனி தானே ஒரு இடைமுகம் செய்தது!

2014 ஜனவரி கடைசியில் பேட்டில்ஃபீல்டு 4 கேமுக்கு மேன்டில் வந்தது. டைஸ் தானே மூன்று மெஷின்களில் அளந்து வெளியிட்ட கணக்கு இது. கார்டே இல்லாமல், ஏ10-7850கே சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸை வைத்து ஓட்டியபோது வேகம் கூடியது 14 சதவீதம். எஃப்எக்ஸ்-8350 பிராசசரும் ரேடியான் 7970 கார்டும் சேர்ந்து, 64 பேர் ஆடும் களத்தில் 25 சதவீதம். கோர் ஐ7-3970எக்ஸ் பிராசசரோடு 290எக்ஸ் கார்டு இரண்டைச் சேர்த்து மாட்டியபோது 58 சதவீதம்!

வேடிக்கையைக் கவனித்தீர்களா? மூன்றுக்கும் இடைமுகம் ஒன்றுதான், லாபம் மட்டும் ஏன் இப்படி நான்கு மடங்கு வித்தியாசப்படுகிறது? முதல் மெஷினில் வரைகிற சிப்பே நோஞ்சான். உத்தரவு எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அதனால் வரைய முடியாது. மூன்றாவதில் இரண்டு பெரிய கார்டுகள் பசியோடு காத்திருக்கின்றன, அவற்றுக்கு உத்தரவு போட்டுக் கட்டுப்படியாகாமல் தவிப்பது பிராசசர். தவிப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் புதிய இடைமுகத்துக்கு வேலை. புதிய ஏபிஐ வந்துவிட்டது என்று யார் துள்ளிக் குதித்தாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: என் மெஷினில் காத்திருப்பது பிராசசரா, கார்டா? கார்டு ஏற்கெனவே நூறு சதவீதம் உழைத்துக்கொண்டிருந்தால், டிரா கால் சுமை குறைந்தும் ஒரு ஃபிரேம்கூட ஏறாமல் போகலாம். சூடுபறக்க வாதாடுகிற பலர் இந்த ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டுத்தான் வாதாடுகிறார்கள்.

போட்டியாளர் சும்மா இருப்பாரா? 2014 ஏப்ரலில் என்விடியா 337.50 என்ற டிரைவரை இறக்கி, பழைய டைரக்ட்எக்ஸ் 11இலேயே வேகத்தைக் கூட்டிக் காட்டியது! "அப்படியானால் இத்தனை நாள் ஏன் வைத்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

மேன்டில் என்ன ஆனது? 2015 மார்ச்சிலேயே "இனி டைரக்ட்எக்ஸ் 12ஐயும் வல்கனையும் பாருங்கள்" என்று ஏஎம்டியே கேம் எழுதுகிறவர்களிடம் சொல்லிவிட்டது. ஆனால் செத்துப் போகவில்லை! மேன்டிலை ஏஎம்டி, ஓபன்ஜிஎல்லையும் கவனித்துக்கொள்ளும் குரோனஸ் குழுமத்துக்குக் கொடுத்தது, அந்த அஸ்திவாரத்தின் மேல் எழுந்ததுதான் வல்கன். 2016 பிப்ரவரி 16 அன்று வல்கன் 1.0 வெளியானது. அதற்கு ஆறரை மாதம் முன்னால், 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 உடன் டைரக்ட்எக்ஸ் 12 வந்துவிட்டது. ஆப்பிள் 2014லேயே மெட்டலை அறிவித்துத் தனி வழி போய்விட்டது.

ஒரு முக்கோணம் வரைய ஆயிரம் வரி!

நம்ப மாட்டீர்கள். பழைய ஓபன்ஜிஎல் பாணியில் சில பத்து வரிகளில் திரையில் ஒரு வண்ண முக்கோணத்தை வரைந்துவிடலாம். வல்கனில் அதே முக்கோணத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் வரி எழுத வேண்டும்! எந்தக் கார்டு, எந்த வரிசை, எவ்வளவு நினைவகம், எது முடிந்தபின் எது, எல்லாவற்றையும் எழுதுகிறவரே சொல்ல வேண்டும். இன்னும் கேளுங்கள், வல்கன் டிரைவர் பெரும்பாலும் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதும் இல்லை. தப்பு பார்க்கும் அடுக்கை எழுதுகிற காலத்தில் மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். கேம் உங்கள் வீட்டுக்கு வரும்போது அது இருக்காது. தப்பு இருந்தால் கேம் விழும், சில சமயம் கார்டே ஒரு நிமிடம் திகைத்து நிற்கும்.

பழைய டிரைவர்கள் எவ்வளவு தயவாக நடந்துகொண்டன தெரியுமா? என்விடியா, ஏஎம்டி டிரைவர்கள் எந்த கேம் ஓடுகிறது என்று அதன் ஃபைல் பெயரை வைத்தே அடையாளம் கண்டு, அதற்கென்று தனிச் சரிக்கட்டல்களைச் செய்யும்! கேம் எழுதியவர் சொதப்பியதை டிரைவர் எழுதியவர் ராத்திரியில் உட்கார்ந்து சரிசெய்து வைத்த காலம் அது. டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் இரண்டிலும் அந்தத் தயவுக்கு இடம் குறைவு. பத்து வருட அனுபவம் உள்ள டிரைவர் வல்லுநர் செய்த வேலை, டெட்லைன் நெருக்கடியில் இருக்கும் கேம் ஸ்டூடியோவின் தலையில் விழுந்தது.

விளைவு? வல்கன் வெளியான அன்றே அதை ஆதரித்த கேம் 'தி டாலோஸ் பிரின்சிபிள்'. குரோயேஷியாவின் குரோடீம் எழுதியது. உலகின் முதல் வல்கன் கேம், பழைய டைரக்ட்எக்ஸ் 11ஐவிட மெதுவாக ஓடியது! எழுதியவர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். 'குவான்டம் பிரேக்' கதை இன்னும் சுவாரசியம். 2016 ஏப்ரலில் டைரக்ட்எக்ஸ் 12 மட்டும் என்று வந்தது. செப்டம்பரில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடைக்கு வந்தபோது டைரக்ட்எக்ஸ் 11க்கு இறங்கிவிட்டது. என்விடியா கார்டு வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பழையதுதான் வேகமாக ஓடியது!

ஆனால் கைதேர்ந்தவர்கள் தொட்டால் கதையே வேறு. 2016 ஜூலையில் புதிய டூமுக்கு வல்கன் வந்தபோது ஆர்எக்ஸ் 480 கார்டில் 27 சதவீதம் வரை வேகம் கூடுவதாக ஏஎம்டி சொன்னது. கார்டு படம் வரைந்துகொண்டிருக்கும்போதே அதன் சும்மா கிடக்கும் பகுதிகளுக்கு வேறு கணக்கு வேலை கொடுக்கும் 'அசிங்க் கம்ப்யூட்' வித்தையும் அதற்கு ஒரு காரணம். ரேடியான் கார்டுகளில் அதற்கான வசதி முன்பே இருந்தது, பழைய இடைமுகத்தில் அதைத் தொட வழியே இல்லை! வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறைக்குச் சாவி கிடைத்த சந்தோஷம் ரேடியான் ரசிகர்களுக்கு. அடுத்து வந்த 'டூம் இடர்னல்' வல்கன் மட்டுமே பேசும்.

மாமியார் மருமகள் போல் முறைத்துக்கொள்ளும் ஏஎம்டியும் என்விடியாவும் ஒரே கேபினெட்டில் சேர்ந்து உழைத்ததும் நடந்திருக்கிறது! 2015 அக்டோபரில் 'ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி' கேமில், டைரக்ட்எக்ஸ் 12இன் தயவால் ஏஎம்டியின் ஃப்யூரி எக்ஸும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 980 டிஐயும் ஃபிரேமைப் பங்கிட்டு வரைந்தன. சில சோதனைகளில் ஒரே கம்பெனி ஜோடியைவிடக் கலப்பு ஜோடி வேகம்! அப்புறம் ஏன் எல்லா வீட்டிலும் இது இல்லை? அந்தப் பங்கீட்டையும் கேம் எழுதுகிறவரே எழுத வேண்டும். யார் எழுதுவார்கள்?

சராசரி 90 ஃபிரேம், ஆனாலும் திக்குகிறதே, ஏன் தெரியுமா?

இதைத்தான் அதிகம் பேர் அனுபவித்திருப்பீர்கள். புதிய கேம், நல்ல கார்டு, மீட்டரில் 90 என்று காட்டுகிறது. கதவைத் திறக்கிறீர்கள், ஒரு திக்கல். முதல் முறை நெருப்பு வெடிக்கிறது, இன்னொரு திக்கல். அதே நெருப்பு இரண்டாவது முறை வெடித்தால் ஒன்றும் ஆவதில்லை!

நெருப்பை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் குட்டி புரோகிராம்தான் ஷேடர். அது உங்கள் கார்டின் மொழிக்கு மாற்றப்பட்ட பிறகே ஓடும். அந்த மாற்றத்துக்குப் பல மில்லிசெகண்ட் பிடிக்கலாம். ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதோ 16.7! நடுவிளையாட்டில் மாற்ற உட்கார்ந்தால் திக்கத்தானே செய்யும். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் இரண்டிலும் ஷேடரோடு அதைச் சுற்றிய நிலவரங்கள் அத்தனையையும் ஒரே கட்டாகக் கட்டி முன்கூட்டியே தர வேண்டும். முன்கூட்டியே தந்தால் அபார வேகம். ஆனால் பெரிய கேமில் அந்தக் கட்டுகளின் எண்ணிக்கை மலைபோல் பெருகும், எழுதுகிறவர் சிலவற்றைத் தவறவிடுவார், தவறவிட்டதெல்லாம் உங்கள் வீட்டில் திக்கலாக வரும். 2022 டிசம்பரில் வந்த 'தி கலிஸ்டோ ப்ரோட்டோகால்' இதனாலேயே நிறைய வசவு வாங்கியது. இதற்குப் பயந்து, 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' எல்லா ஷேடரையும் ஆரம்பத்திலேயே மாற்றியது. பலருக்கு அது அரைமணி நேரத்தைத் தாண்டி ஓடியது! டிரைவர் அப்டேட் செய்தால் மறுபடி முதலில் இருந்து.

கன்சோலில் இந்தப் பிரச்சினை ஏன் இல்லை? எல்லோரிடமும் ஒரே சிப். கம்பெனியே மாற்றி டிஸ்க்கில் வைத்துவிடும். பிசியிலும் அதைச் செய்ய, மாற்றிய ஷேடர்களை கேமோடு சேர்த்தே டவுன்லோடு செய்யும் திட்டத்தை 2025இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் இதை முன்பே செய்து காட்டியவர் யார் தெரியுமா? நினைவில் வைக்கச் சொன்ன அந்த கேப் நியூவெல்!

1996இல் மைக்ரோசாஃப்டை விட்டு வெளியே வந்து அவர் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் வால்வ். ஸ்டீம் கடை அவர்களுடையது. 2022 பிப்ரவரியில் வந்த அவர்களின் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி ஓடுவது விண்டோஸில் இல்லை, லினக்ஸில். கேம்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கு எழுதியவை. நடுவில் டைரக்ட்எக்ஸ் உத்தரவுகளை அந்த நொடியிலேயே வல்கனுக்கு மொழிபெயர்க்கும் டிஎக்ஸ்விகே, விகேடி3டி என்ற மென்பொருட்கள்! இதில் டிஎக்ஸ்விகே பிறந்தது எப்படி? ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு புரோகிராமருக்கு 'நியர்: ஆட்டோமேட்டா' கேமை லினக்ஸில் ஆட ஆசை வந்தது. அவ்வளவுதான்! எழுத ஆரம்பித்தார். 2018இல் வால்வ் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

உச்சக்கட்ட வேடிக்கை 'எல்டன் ரிங்' வந்தபோது. டைரக்ட்எக்ஸ் 12 கேம். விலை உயர்ந்த விண்டோஸ் மெஷின்களில் திக்கித் திணறியது. வால்வ் ஆட்கள் மொழிபெயர்ப்பு அடுக்கில் கைவைத்து, கேம் ஓயாமல் நினைவகம் கேட்டுக் கேட்டுத் திருப்பிக் கொடுப்பதைச் சேமித்து வைத்து, ஷேடர்களையும் முன்பே மாற்றி அனுப்பினார்கள். கைக்குள் அடங்கும் ஸ்டீம் டெக்கில் அந்தத் திக்கல் பெருமளவு காணாமல் போனது! மொழிபெயர்ப்பு மூலத்தைவிடச் சீராக ஓடியது! லெனோவோ லீஜன் கோ எஸ் என்ற ஒரே கருவியில் விண்டோஸையும் வால்வின் லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டு 2025இல் நடந்த சோதனைகளிலும் பல கேம்கள் லினக்ஸ் பக்கமே வேகமாக ஓடின. ஆட்களை விண்டோஸுக்கு இழுக்க டூமைக் கொண்டுவந்தவரின் கம்பெனி, இன்று அதே ஆட்களை விண்டோஸிலிருந்து வெளியே அழைத்துப் போகிறது!

இன்டெலும் இந்த வித்தையைக் கடன் வாங்கியது தெரியுமா? 2022இல் வந்த அதன் ஆர்க் கார்டுகள் புதிய இடைமுகங்களில் நன்றாகவே ஓடின. 2002இல் பிறந்த டைரக்ட்எக்ஸ் 9 கேம்களில் தடுமாறின. இருபது வருட டிரைவர் அனுபவத்தை ஒரே நாளில் எழுத முடியுமா? அதே 2022 டிசம்பரில் டிரைவரை மாற்றியமைத்து, 'சிஎஸ்: கோ' கேமில் 1.8 மடங்கு வரை வேகம் என்று இன்டெல் அறிவித்தது. அந்த மாற்றத்தில் டிஎக்ஸ்விகேவும் கலந்திருக்கிறது. ஒருவரின் நியர் ஆசை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

இன்னும் சில, வேகமாக!

"டைரக்ட்எக்ஸ் 12 வேண்டுமா, விண்டோஸ் 10க்கு வா" என்று நாலு வருடம் சொன்ன மைக்ரோசாஃப்ட், 2019 மார்ச்சில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமுக்காக அதை விண்டோஸ் 7க்கே கொண்டுவந்தது. விண்டோஸ் 7க்கு ஆதரவு முடிய ஒரு வருடம்கூட இல்லாத நேரத்தில்!

புதிய வசதி என்றால் வேகம் என்று யார் சொன்னது? 2018 நவம்பரில், ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து வரையும் ரே டிரேசிங் வசதியோடு 'பேட்டில்ஃபீல்டு 5' வந்தபோது, அன்றைய உச்ச கார்டான ஆர்டிஎக்ஸ் 2080 டிஐகூட சாதாரண 1080பி திரையில் 60 ஃபிரேமுக்குப் பக்கத்தில்தான் தள்ளாடியது. அடுத்த மாதமே வந்த பேட்ச் 50 சதவீதம் வரை வேகத்தை மீட்டது. 2020இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட்டில் 'மெஷ் ஷேடர்' என்று ஒன்று சேர்ந்தது. அதை நம்பி எழுதிய 'ஆலன் வேக் 2', அந்த வசதி இல்லாத ஜிடிஎக்ஸ் 1080 டிஐ போன்ற பழைய சிங்கங்களைப் பூனையாக்கியது. 2024 மார்ச்சில் ஒரு பேட்ச் வந்து கொஞ்சம் மூச்சு கொடுத்தது.

2024 செப்டம்பரில் நடந்ததைக் கேட்டால் கார்மாக் சிரிப்பார். வருங்கால டைரக்ட்எக்ஸில் ஷேடர்களுக்கு ஸ்பிர்-வி என்ற வடிவத்தை ஏற்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது யாருடையது? வல்கனை வைத்திருக்கும் குரோனஸ் குழுமத்துடையது!

சரி, உங்கள் மெஷினில் எதைத் தட்டுவது? 'பால்டர்ஸ் கேட் 3' வல்கனா, டைரக்ட்எக்ஸ் 11ஆ என்று கேட்கும். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வல்கனா, டைரக்ட்எக்ஸ் 12ஆ என்று கேட்கும். பெரிய எண்தான் பெரியது என்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள். கூட்டம் நிறைந்த ஒரே இடத்தில், ஒரே செட்டிங்ஸில் இரண்டையும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்தை விட்டுவிடுங்கள், அதில் ஷேடர் மாற்றும் திக்கல் கலந்திருக்கும். சராசரியை மட்டும் பார்க்காமல், மீட்டரில் '1 சதவீதக் கீழ் அளவு' என்று வருவதையும் பாருங்கள், கண்ணுக்குத் தெரியும் திக்கல் அதில்தான் மாட்டும். பிராசசர் பழையது, கார்டு புதியது என்றால் டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் பக்கம் லாபம் இருக்க வாய்ப்பு அதிகம். கார்டு பழையது, அதில் நினைவகமும் குறைவு என்றால் டைரக்ட்எக்ஸ் 11இலேயே இருங்கள். ஷேடர் தயாராகிறது என்று கேம் சொன்னால் தயவுசெய்து ஸ்கிப் பட்டனைத் தேடாதீர்கள், முடிகிற வரை விட்டுவிடுங்கள்.